அன்பை அண்டி வாழ்ந்த பாடகர்: தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார்

இந்த நூற்றாண்டு மலரில் எமது அதிபர்களைப் பற்றியும் ஆசிரியைகளைப் பற்றியும் எழுதப் பலர் இருக்கிறார்கள். எமது கல்லூரி வாசலை ஒருபோதும் மிதித்திராத, ஆனால் எமது மண்டபத்தில் வாரந்தவறாமல் பாடப்பட்ட ஒருவரைப் பற்றி எழுத நாம் விரும்பினோம். காலை வணக்கத்தில் நின்ற எவரும், அவர் எந்தச் சமயத்தவராயினும், அட்டை கழன்ற அந்தக் கீர்த்தனைப் புத்தகத்தை மறந்திருக்கமாட்டார். பாட்டின் தலைப்பில் இராகமும் தாளமும் இருக்கும். அடியில் இயற்றியவர் பெயர் சிறிய எழுத்தில் இருக்கும். அப்படி அடிக்கடி வந்த பெயர் வேதநாயகம் சாஸ்திரியார்.

முதலில் ஒரு தெளிவு. பிரதாப முதலியார் சரித்திரம் எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை வேறு, இவர் வேறு. இருவரும் கிறிஸ்தவர்கள், இருவரும் கீர்த்தனை செய்தவர்கள் என்பதால் படித்தவர்கள்கூட மாறிச் சொல்வதுண்டு. பிள்ளையவர்கள் பிறந்த 1826 இல் சாஸ்திரியாருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. சாஸ்திரியார் என்பது இவருடைய புலமைக்குக் கிடைத்த பட்டம். பிறந்த குடி வேளாளர் குடி. இந்தக் குடியைப் பற்றிய பேச்சு பின்னாலும் வரும்.

1774 ஆம் ஆண்டு செப்டெம்பர் 7 ஆம் திகதி திருநெல்வேலியில் அவர் பிறந்தார். தந்தை தேவசகாயம் ஓர் உபதேசியார். தாயார் ஞானப்பூ அம்மையார். அக்காலத்தில் தெற்கே கிறிஸ்தவ சபை மிகச் சிறியது. பாளையங்கோட்டையில் முதல் ஆலயத்தைக் கட்டுவித்தவர் குளோரிந்தா என்ற விதவைப் பெண். பெண்கள் கல்லூரி மலரில் அந்தப் பெயரைச் சொல்லாமல் கடந்து போக மனம் வரவில்லை. அந்த ஆலயத்தை 1785 இல் பிரதிஷ்டை செய்தவர் தஞ்சாவூரில் பணியாற்றிய ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர். உபதேசியாரின் மகன் கெட்டிக்காரப் பிள்ளை என்று கண்டு, தகப்பனிடம் கேட்டுத் தன்னோடு தஞ்சாவூருக்கு அழைத்துச் சென்றவரும் அவரே. அப்போது பையனுக்குப் பதினொன்று, பன்னிரண்டு வயது. வீட்டை விட்டு விடுதிக்கு வந்த எமது தோழியருக்கு அந்த வயது நன்றாகத் தெரியும்.

தஞ்சாவூரில் சுவார்ட்ஸ் ஐயரின் நிழலில் இன்னொரு பிள்ளையும் வளர்ந்தது. மன்னர் துளஜாஜி தத்தெடுத்த சரபோஜி அது. வேதநாயகத்துக்கு மூன்று வயது இளையவர். ஒருவர் அரச பிள்ளை, மற்றவர் உபதேசியார் பிள்ளை. இருவருக்கும் பாதுகாவலர் ஒருவரே. பிறகு வேதநாயகம் தரங்கம்பாடிக்குப் போய் அங்கிருந்த மிஷனரிமாரிடம் வேதசாஸ்திரமும் வானசாஸ்திரமும் கற்றார். தமிழ் இலக்கணமும் இலக்கியமும் ஏற்கெனவே கைவந்திருந்தன. 1794 இல், இருபது வயது நிரம்புமுன், தஞ்சாவூர் மிஷன் பாடசாலையின் தலைமையாசிரியரானார். ஏறக்குறைய முப்பத்தைந்து ஆண்டுகள் அந்த வேலையில் இருந்தார்.

இதற்கு அடுத்த ஆண்டு, 1795 ஓகஸ்டில், ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து எமது திருகோணமலைக் கோட்டையைப் பிடித்தார்கள். அதன்பின் சில காலம் இலங்கையின் கரையோரம் முழுவதும் சென்னையிலிருந்தே ஆளப்பட்டது. தஞ்சாவூரில் இளம் ஆசிரியர் ஒருவர் பிள்ளைகளுக்குப் பாட்டுக் கட்டிக்கொண்டிருந்த அந்த நாட்களில், எமது துறைமுகமும் அவருடைய ஊரும் ஒரே சென்னையை நோக்கிக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தன என்பது ஒரு சுவையான செய்தி.

1800 இல் பெத்லகேம் குறவஞ்சி பிறந்தது. குறவஞ்சி நாடகம் எமக்குப் பாடப்புத்தகத்தில் குற்றாலக் குறவஞ்சியாக அறிமுகமானது. தலைவன் உலா வருவான், தலைவி கண்டு மயங்குவாள், குறத்தி வந்து கைபார்த்துக் குறி சொல்வாள், குறவன் பறவை பிடிக்க வலை விரிப்பான். சாஸ்திரியார் இந்த வடிவத்தை அப்படியே எடுத்துக்கொண்டார். தலைவன் பெத்லகேமில் பிறந்தவர். தலைவி சீயோனின் மகள் தேவமோகினி, அதாவது திருச்சபை. குறத்தியாக வருவது விசுவாசம். வலை விரிப்பது சுவிசேஷத்தைச் சொல்லுகிறவர். நடுவிலே பூகோளமும் வருகிறது. சூரியனைச் சுற்றிக் கிரகங்கள் ஓடும் புதிய வானசாஸ்திரமும் வருகிறது. ஆசிரியர் கைப்பழக்கம் விடுமா!

குறவஞ்சித் தலைவியை நாம் ஒரு கணம் நினைத்துப் பார்க்க வேண்டும். அவள் தன் முயற்சியால் தலைவனை அடைவதில்லை. ஏங்குகிறாள், காத்திருக்கிறாள், குறத்தி சொல்லும் நல்ல செய்தியை நம்புகிறாள். அன்பு முழுவதும் அவன் பக்கத்திலிருந்து வரவேண்டியது. சாஸ்திரியாரின் கீர்த்தனைகள் எல்லாவற்றுக்கும் அடிநிலை இதுதான் என்பது எமது எண்ணம். பாடுகிறவரிடம் கொடுக்க ஒன்றுமில்லை. தேவ அன்பை அண்டி நிற்பது மட்டுமே அவருக்குத் தெரியும். இது ஜெர்மனியிலிருந்து கப்பலேறி வந்த பக்தி மட்டும் அல்ல. லூத்தரன் சபையின் ஞானப்பாட்டுகளை அவர் சிறுவயதிலேயே பாடி வளர்ந்தார், மெய்தான். ஆனால் தன்னைச் சிறுமைப்படுத்தி இறைவனிடம் அடைக்கலம் கேட்கும் பழக்கம் தேவாரக் காலத்திலிருந்து தமிழில் ஊறியிருக்கிறது. சம்பந்தர் பதிகம் பெற்ற கோணேசர் மலையின் கீழே வளர்ந்த எமக்கு இதை யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. அதே காலத்தில் தஞ்சாவூரிலிருந்து சில மைல் தூரத்துத் திருவையாற்றில் தியாகராஜ சுவாமிகள் இராமனிடம் அதே அடைக்கலத்தைத் தெலுங்கில் கேட்டுக்கொண்டிருந்தார். சாஸ்திரியாருக்கு அவர் ஏழு வயது மூத்தவர்.

குறவஞ்சியை அரங்கில் பார்ப்பவர் சிலர். வயலிலும் கடலிலும் பாடுபவர் பலர். சாஸ்திரியார் அந்தப் பாட்டுகளையும் விடவில்லை. ஏற்றத்தில் நீர் இறைப்போர் பாட்டைக் கொண்டு ஞான ஏற்றப்பாட்டு செய்தார். எம்மூரில் அதைத் துலா என்போம். ஒருவர் மேலே மிதிக்க, மற்றவர் கீழே பட்டையைப் பிடித்து நீர் ஊற்றுவார். ஒருவர் நின்றால் மற்றவருக்கு வேலையில்லை. பெண்கள் கைகொட்டி ஆடும் கும்மியில் சாஸ்திரக் கும்மி செய்தார். சகுனம், நாள், பேய், மந்திரம் என்று பயந்து வாழ்பவர்களை அதில் நகைத்தார். வைத்தியத் தொழிலில் உள்ள நாம் அந்தக் கும்மியின் செய்தியைக் கேட்டு மகிழ்கிறோம். காய்ச்சல் வந்த பிள்ளைக்கு நூல் கட்டி, பார்வை பார்த்து, மூன்றாம் நாள் தூக்கிக்கொண்டு ஓடிவரும் தாய்மாரை நாம் இன்றும் காண்கிறோம். ஆயினும் நகைப்பதால் மட்டும் பயம் தீராது என்பதும் தொழிலில் கண்டது. சாஸ்திரியாரும் நகைப்போடு நிறுத்தவில்லை. பயத்தைக் கைவிட்டவர் பற்றிக்கொள்வதற்கு ஒரு கையைக் காட்டினார்.

எமக்கு மிகவும் நெருக்கமானது நோவாவின் கப்பற்பாட்டு. கப்பற்பாட்டு என்பது கடலோரத் தமிழரின் பழைய பாட்டு வகை. எமது கரைவலைக்காரர் வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டுக்கு உறவு என்று சொல்லலாம். அந்த மெட்டில் வேதாகமத்து நோவாவின் பேழையை மிதக்கவிட்டார் அவர். நோவா செய்த பேழையின் அளவுகளை வேதாகமம் விரிவாகச் சொல்கிறது. சுக்கானைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. கதவையும் ஆண்டவரே வெளியிலிருந்து அடைத்தார் என்று இருக்கிறது. உள்ளே இருந்தவர்களுக்குத் தாங்கப்படுவதைத் தவிர வேறு வழியில்லை. 2004 டிசெம்பர் 26 ஐக் கண்ட எமது ஊரவருக்கு நீரின் மேல் தாங்கப்படுவது என்றால் என்ன, தாங்கப்படாமல் போவது என்றால் என்ன என்று தெரியும். இரண்டையும் கண்ட பிறகு இந்தப் பாட்டைப் பாடுவது முன்போல இலேசானதல்ல. ஆனாலும் அகதி முகாம்களில் மாலை நேரங்களில் கீர்த்தனை பாடப்பட்டது. பாடச் சொன்னவர் யாருமில்லை.

சாஸ்திரியாருடைய சொந்த வாழ்க்கைக்கு வருவோம். அன்பை அண்டி வாழ்வதைப் பாடுவது எளிது. அண்டுவதற்கு வேறு தூண்கள் இருக்கும்வரை அது மேலும் எளிது. அவருக்கு ஆரம்பத்தில் நல்ல தூண்கள் இருந்தன. முதலாவது, தகப்பனைப்போல் வளர்த்த சுவார்ட்ஸ் ஐயர் 1798 பெப்ரவரியில் காலமானார். அதே ஆண்டில் சரபோஜி அரியணை ஏறினார். அரசியல் அதிகாரம் பெரும்பாலும் கும்பெனியாரிடம் போய்விட்டதால், மன்னர் தம் முழு மனத்தையும் கல்வியிலும் கலையிலும் செலுத்தினார். சரஸ்வதி மகால் நூலகத்தை வளர்த்தார். தன்வந்திரி மகால் என்ற வைத்தியக் கூடத்தை நடத்தினார். அங்கே கண் நோயாளருக்குச் செய்த சிகிச்சைக் குறிப்புகள், நோயுற்ற கண்களின் வர்ணப் படங்களோடு இன்றும் அந்த நூலகத்தில் இருக்கின்றன. நோயாளியின் வரலாற்றை எழுதி வைப்பதை மருத்துவ பீடத்தில் மேலைநாட்டு வழக்கமாகவே கற்றோம். இருநூறு ஆண்டுக்கு முன் தஞ்சாவூரில் அது நடந்திருப்பது எமக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. அப்படிப்பட்ட மன்னருக்கு, தன்னோடு வளர்ந்த புலவர்மேல் அன்பு இருந்ததில் வியப்பில்லை.

அந்த அன்பே ஒருமுறை சோதனையானது என்று குடும்பத்தார் வழிவழியாகச் சொல்கிறார்கள். மன்னர் தம் ஊர்க் கடவுளாகிய பெருவுடையார்மேல் பாட்டுச் செய்யும்படி கேட்டாராம். மறுத்தால் அரச தயவு போய்விடலாம். அன்றிரவு சாஸ்திரியார் மனம் வருந்தி, இயேசு ஒருவரையே துதிக்கும்படி தன் மனத்துக்கே சொல்லும் கீர்த்தனை ஒன்றைப் பாடினார். மறுநாள் மன்னரிடம் தன் நிலையைச் சொன்னார். மன்னர் கோபிக்காமல் ஏற்றுக்கொண்டார் என்பது கதையின் முடிவு. புலவரின் உறுதியை மட்டும் எடுத்துச் சொல்வது வழக்கம். மன்னரின் பெருந்தன்மையையும் நாம் சேர்த்துச் சொல்ல விரும்புகிறோம். ஒரே வகுப்பில் நான்கு சமயப் பிள்ளைகளும் இருந்து படித்த எமக்கு இரண்டும் தேவை.

இனிச் சொல்லப்போவது நூற்றாண்டு மலர்களில் பெரும்பாலும் விடுபடுவது. 1820 களில் தஞ்சாவூருக்குப் புதிய மிஷனரிமார் வந்தார்கள். சுவார்ட்ஸ் ஐயர் காலத்தில் ஆலயத்தில் வேளாளர் ஒரு பக்கமும் ஒடுக்கப்பட்ட சாதியார் மறுபக்கமும் இருந்தார்கள். இராப்போசனத்திலும் முன் பின் உண்டு. புதியவர்கள் அதைச் சபைக்குள் வைத்திருக்க முடியாது என்றார்கள். அதோடு நிற்காமல், பழைய வேதாகம மொழிபெயர்ப்பை மாற்றவும், கலியாணத்துக்கும் பண்டிகைக்கும் பூ வைப்பதை நிறுத்தவும், ஆலயத்தில் தமிழ்க் கீர்த்தனை பாடுவதைத் தடுக்கவும் முற்பட்டார்கள். சாஸ்திரியார் இவை எல்லாவற்றையும் ஒரே கொடுமையின் பகுதிகளாகக் கண்டு எதிர்த்து எழுதினார். 1829 அளவில் அவருடைய வேலை போயிற்று.

பூவுக்காகவும் பாட்டுக்காகவும் அவர் நின்றது சரி. அவர் அன்று விட்டுக்கொடுத்திருந்தால், எமது ஆலயங்களில் வீணையும் மிருதங்கமும் இன்று கேட்குமோ என்னவோ. சாதிக்காக நின்றது சரியல்ல. காலம் அப்படி, எல்லாரும் அப்படித்தான் இருந்தார்கள் என்று சொல்லி இதைக் கடக்க நாம் விரும்பவில்லை. கொடுப்பதற்குத் தன்னிடம் ஒன்றுமில்லை, தேவ அன்பே எல்லாம் என்று பாடியவர், பந்தியில் தன் குடிப்பெருமையைக் கீழே வைக்க மாட்டேன் என்றார். ஒரே பாத்திரத்தில் பங்குபெறத் தயாராக நின்றவர்களுக்கு அந்த நாட்கள் எப்படி இருந்திருக்கும் என்பதை அவருடைய எழுத்திலிருந்து அறிய முடியாது. 1833 இல் கல்கத்தாப் பேராயர் வில்சன், சாதி வேற்றுமை சபையை விட்டு முற்றாக நீங்க வேண்டும் என்று கட்டளை அனுப்பினார். தஞ்சாவூர் வேளாளக் கிறிஸ்தவர் பலர் சபையை விட்டு விலகினார்கள். எமது யாழ்ப்பாணத்து மிஷன் பாடசாலைகளிலும் சேர்ந்து இருந்து உண்பது பற்றி இதே வழக்கு நெடுங்காலம் நடந்தது. ஆதலால் இந்தியரைக் குறை சொல்லி நாம் தப்ப வழியில்லை.

வேலை போன புலவரைச் சரபோஜி மன்னர் அரண்மனைப் புலவராக வைத்துக்கொண்டார். ஆனால் மன்னர் 1832 மார்ச்சில் இறந்தார். அந்தத் தூணும் சாய்ந்தது. அப்போது சாஸ்திரியாருக்கு ஐம்பத்தேழு வயது. எமது நாட்டில் அரச ஊழியர் ஓய்வூதியத்தை எண்ணிக்கொண்டிருக்கும் வயது. அவருக்கு இன்னும் முப்பத்திரண்டு ஆண்டுகள் மிச்சமிருந்தன. அந்த நீண்ட காலத்தில் அவர் நம்பியிருந்தது பாட்டைத்தான். ஊர் ஊராகப் போய்ப் பாடினார். கேட்டவர்கள் கொடுத்ததைப் பெற்றுக்கொண்டார். மகள் ஞானதீபம் அம்மையாரும் தமிழும் இசையும் கற்று அவரோடு பாடியதாகக் குடும்ப வழிச் செய்தி உண்டு. பெண் பிள்ளைக்கு எழுத்தும் பாட்டும் எதற்கு என்று கேட்ட நூற்றாண்டில், தகப்பனோடு சபையில் நின்று பாடிய அந்த மகளைப் பற்றி மேலும் அறிய எமக்கு ஆவல். எமது இளைய பழைய மாணவியருள் ஆராய்ச்சி செய்பவர் யாரேனும் இதை எடுத்தால் நன்று.

1855 இல் தஞ்சாவூரின் கடைசி மன்னர் சிவாஜி ஆண் வாரிசின்றி இறக்க, கும்பெனியார் அரசையே எடுத்துக்கொண்டார்கள். வளர்த்தவர், பாடசாலை, மன்னர், கடைசியில் அரசு என்று ஒவ்வொன்றாகப் போயின. அவருடைய செபமாலையில் உள்ள பாடல்கள் எந்த எந்த ஆண்டில் எழுந்தவை என்று பிரித்து அறிவது இலகுவல்ல. எனினும், தாங்குவதற்கு வேறு எவருமில்லை என்று பாடும் கீர்த்தனைகளை இந்த வாழ்க்கையை அறிந்தபின் பாடும்போது, அவை வெறும் பக்தி வார்த்தைகளாகக் கேட்பதில்லை. வாடகைக்கும் அரிசிக்கும் வழி தெரியாத வீட்டின் சத்தமும் அவற்றுக்குள் இருக்கிறது.

பாட்டைத் தடுத்தவர்களும் மிஷனரிமார். பாட்டைக் காப்பாற்றியவர்களுள்ளும் ஒரு மிஷனரி இருந்தார். மதுரையில் பணியாற்றிய அமெரிக்கரான எட்வர்ட் வெப் ஐயர், மேலைநாட்டு மெட்டில் தமிழ்ச் சொற்கள் நொண்டுவதைக் கேட்டுத் தமிழ் இசையைக் கற்றார். 1853 இல் அவர் அச்சிட்ட கீர்த்தனைத் தொகுப்பில் சாஸ்திரியாரின் பாடல்கள் பெரும் பங்கு பெற்றன. அப்போது புலவருக்கு எழுபத்தொன்பது வயது. ஒருகாலத்தில் ஆலயத்துக்குள் வரக்கூடாது என்று நிறுத்தப்பட்ட பாட்டு, புத்தகமாகி ஆலயத்துக்குள் வந்தது. பிறகு சபை வேறுபாடின்றிப் பரவியது. 1814 இல் இலங்கைக்கு வந்த வெஸ்லியன் மிஷனரிமாரின் சபைகளிலும், யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷன் சபைகளிலும், அங்கிலிக்கன் ஆலயங்களிலும் ஒன்றுபோலப் பாடப்பட்டது. அவர் அருகில் அமர மறுத்த மக்களின் பேரப்பிள்ளைகளும் பூட்டப்பிள்ளைகளும் அவருடைய பாட்டைத் தங்கள் பாட்டாகவே பாடுகிறார்கள். அவர் கட்டிய வரிசையை அவருடைய பாட்டே மதிக்கவில்லை.

1864 ஆம் ஆண்டு ஜனவரி 24 ஆம் திகதி, தமது எண்பத்தொன்பதாவது வயதில் அவர் காலமானார். அவருக்குப் பின் அவர் வழித்தோன்றல்கள் தலைமுறை தலைமுறையாகக் கதாகாலட்சேபம் செய்து, அந்தப் பாடல்களைப் பழைய மெட்டில் பாடி வருகிறார்கள்.

எமது தொழிலில் ஞாபகம் அழிந்த முதியோரை நாம் அடிக்கடி பார்க்கிறோம். பிள்ளைகளின் பெயர் போய்விடும், அன்றைய கிழமை போய்விடும், தாங்கள் இருக்கும் இடம் போய்விடும். சிறுவயதில் படித்த பாட்டு மட்டும் நிற்கும். மூளையில் இசை ஞாபகம் தங்கும் வழி வேறு என்று இதற்குக் காரணம் சொல்வார்கள். டச்சுக் குடாப் பக்கத்திலும் உட்துறைமுக வீதியிலும் வாழ்ந்து, இப்போது டொரொண்டோவிலும் மெல்பேணிலும் இலண்டனிலும் முதுமையடையும் எமது அக்காமாருள் சிலர் இந்த நிலையை அடைந்திருக்கிறார்கள். அவர்களைப் பார்க்கப் போகும் தங்கைமார் கேள்விகளை விட்டுவிட்டு, காலை வணக்கத்தில் பாடிய கீர்த்தனை ஒன்றைப் பல்லவியிலிருந்து தொடங்கிப் பாருங்கள். அனுபல்லவிக்கு அவர்கள் வந்து சேர்ந்துவிடுவார்கள். பெரும்பாலும் இரண்டாம் குரலில்.